வாடகை வீட்டில் ஆணி அடித்தல்: ஸ்டார் ட்ரெக் நாவல் மதிப்புரை இலக்கணம்

தொலைக்காட்சித் தொடரின் ஆட்களைக் கடன் வாங்கி எழுதிய நாவலுக்கு யார் வேண்டுமானாலும் மதிப்புரை எழுதிவிடலாம் என்றொரு மூடநம்பிக்கை கற்றோரிடையேயும் நிலவுகிறது. அதைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், 1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் ஓடிய அமெரிக்க விண்கலக் கதைத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்’. ஆய்வுக்கருவி, ஒரு சாய்வு நாற்காலி.

நூற்பா 1: இனம் அறிந்து எடை போடுக.

உரை: நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தவர் நன்னூல் தந்த பவணந்தியார். விண்கலம் அவர் கணக்கில் இல்லை. ஆயினும் பகுப்பு பொருந்துகிறது. தொடர் முதல்நூல். அதன் ஏழு எபிசோடுகளை ஜேம்ஸ் பிளிஷ் சிறுகதைகளாக்கி 1967இல் வெளியிட்டது வழிநூல். அவர் கையில் இருந்தவை திரைக்கதைப் படிகள்; ஆகவே புத்தகமும் படமும் சில இடங்களில் ஒத்துப்போகா. கற்றுக்குட்டி இதைப் பிழை என்பான். புலவர் ‘பாடபேதம்’ என்பார். அதே ஆட்களை வைத்துப் புதுக்கதை கட்டுவது சார்புநூல். மதிப்புரையாளருக்குத் தலைவலி தருவது இதுவே.

நூற்பா 2: குணம் மாறின் குற்றம்.

உரை: மற்ற நாவல்களில் ஒருவர் மனம் மாறினால் அதற்குப் பாத்திர வளர்ச்சி என்று பெயர். இங்கே அது ஆள்மாறாட்டம். தொடரில் உணர்ச்சியை வெளிக்காட்டாத அதிகாரி ஸ்பாக் ஒற்றைப் புருவத்தை உயர்த்தலாம். விழுந்து விழுந்து சிரிக்கலாகாது. ‘ஸ்பாக் இப்படிப் பேசமாட்டார்’ என்பது மதிப்புரையாளரின் பிரம்மாஸ்திரம். ஒரு மதிப்புரைக்கு ஒருமுறைக்கு மேல் ஏவினால் பலிக்காது.

நூற்பா 3: எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க.

உரை: சார்புநூலாசிரியர் குடக்கூலிக்கு இருப்பவர். சமைக்கலாம், விருந்தாளியை அழைக்கலாம், சண்டை போடலாம். காலி செய்யும்போது வீடு பழையபடி இருக்க வேண்டும். விண்கலத்தின் கேப்டன் கிர்க் சாகக்கூடாது. கலம் உடைந்தால் ஒட்டவைத்துத் தரவேண்டும். எனவே முதல் அத்தியாயத்தில் கிர்க்கைக் கண்டு புன்னகைக்கும் புதிய பெண் விஞ்ஞானி கடைசி அத்தியாயத்தில் இருக்கமாட்டார். மதிப்புரையாளர் அவருக்காக முன்கூட்டியே வருந்திவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தடை: அப்படியானால் எதுவுமே நடக்காத கதையை ஏன் படிக்க வேண்டும்?

விடை: வோண்டா மெக்கின்டயர் 1981இல் எழுதிய ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ நாவலைக் காண்க. குடிவந்தவுடன் இந்த அம்மையார் செய்த காரியம், கிர்க்கை அவருடைய கலத்திலேயே கொன்றது. பிறகு ஸ்பாக் காலத்தில் பின்னோக்கிப் போய், நடந்ததை நடக்காததாக்குகிறார். கிர்க் பிழைக்கிறார். தரை கழுவியாயிற்று, சாவி கொடுத்தாயிற்று, முன்பணத்தில் பிடித்தம் இல்லை.

ஆனால் சுவரில் ஓர் ஆணி இருந்தது. கலத்தை ஓட்டும் சுலுவுக்குத் தொடர் முழுவதும் முதற்பெயரே கிடையாது. மெக்கின்டயர் அவருக்கு ‘ஹிகாரு’ என்று பெயர் வைத்தார். ஜப்பானின் பழங்கதை நாயகன் கெஞ்சிக்கு வழங்கும் பெயர் அது. பத்தாண்டு கழிந்து 1991இல் ஸ்டார் ட்ரெக் வரிசையின் ஆறாவது திரைப்படம் வந்தது. அதற்குள் கேப்டனாகிவிட்ட சுலு, திரையில் தம் பெயரை ஹிகாரு சுலு என்றே சொன்னார். வீட்டுக்காரர் அந்த ஆணியைப் பிடுங்கவில்லை. அதில் தம்முடைய காலண்டரை மாட்டிக்கொண்டார்.

முடிபு: கதைச்சுருக்கத்தை நான்கு வரியில் முடித்துக்கொள்க. கிர்க் பிழைப்பாரா என்று ஐயுறுவது வீண். விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சுவரைத் தடவிப் பார்ப்பதே மதிப்புரை.