காலண்டர் தாளில் ஒரு கட்-ஆஃப்

1998 மே மாதம். தினசரி காலண்டரில் கிழித்த தாளை அப்போது நான் தூக்கி எறிந்ததில்லை. முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் மகனின் எதிர்காலம். கணக்கு மார்க்கை 100-க்கும், இயற்பியல், வேதியியலை 50, 50-க்கும் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100-ஐயும் சேர்த்தால் 300. அதுதான் இன்ஜினீயரிங் கட்-ஆஃப். ரிசல்ட் வருவதற்கு முன்பே குத்துமதிப்பாகப் போட்டுப் போட்டு ஒரு மாதத் தாள் தீர்ந்திருந்தது.

அவனோ சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்று, வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு விண்ணப்பத்தை நீட்டினான். தரமணி கேட்டரிங் காலேஜ்.

"பன்னெண்டு வருஷம் படிக்க வெச்சது கரண்டி பிடிக்கறதுக்காடா?"

விண்ணப்பம் நாலாக மடிந்து பீரோவின் காலுக்கு அடியில் போனது. அதற்கப்புறம் பீரோ ஆடவே இல்லை.

'சர்க்கார் உத்தியோகம்' என்று என்னைத் தபால் ஆபீஸில் தள்ளிவிட்ட என் அப்பாவை முப்பது வருஷம் முணுமுணுத்தவன் நான். ஆனால் அவர் செய்தது வற்புறுத்தல். நான் செய்தது வழிகாட்டல்!

கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக மரத்தடியில் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தபோது கட்டுச்சாதத்தைப் பிரித்தோம். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "புளி கொஞ்சம் தூக்கல்" என்றான். அன்று முழுக்க அவன் சொன்ன சொந்த அபிப்பிராயம் அது ஒன்றுதான். மாலையில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது என்பதே சரி.

இது 2025. நுழைவுத் தேர்வு 2007-லேயே ஒழிந்து, கட்-ஆஃப் 200 ஆகிவிட்டது. 2018-லிருந்து கவுன்சிலிங் ஆன்லைன்; மரத்தடியும் இல்லை, கட்டுச்சாதமும் இல்லை. சாஃப்ட்வேரில் தலை நரைத்த மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்படிக்கு வருகிறான். எண்ணெய் பிரியும்வரை கரண்டியோடு அசையாமல் நிற்கிறான். அந்த முகத்தைத் திங்கள் முதல் வெள்ளிவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே பேத்தி பிளஸ் டூ முடித்ததும் பிராயச்சித்தத்தில் இறங்கினேன்.

"உனக்குப் பிடிச்சதைப் படிம்மா. இன்ஜினீயரிங் மட்டும் வேண்டாம். டிசைன் படி, கேட்டரிங் படி. அப்பாவை நான் பாத்துக்கறேன்."

"எனக்கு இன்ஜினீயரிங்தான் தாத்தா பிடிச்சிருக்கு. சிவில்."

"சிவிலா?"

வெயில், தூசி, சாரம், சைட்டில் கத்தும் மேஸ்திரி என்று அரைமணி நேரம் விளக்கினேன். நல்லதுக்குத்தானே சொல்கிறேன்! அடுப்படியிலிருந்து மகன் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, அன்னைக்கும் நீங்கதான் பேசினீங்க."

குரலில் கோபமில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டான். திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டு, தள்ளுகிற திசையை மட்டும் மாற்றியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பேத்தி சிவிலில் சேர்ந்துவிட்டாள். என்னைப் போல் நெஞ்சு உறுத்துகிற தாத்தாக்களுக்கு ஒரு வார்த்தை: மகனிடம் பட்ட கடனைப் பேத்தியிடம் அடைக்க முடியாது. மன்னிப்பை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

நான் இன்னும் கேட்கவில்லை.