ஆமை புகுந்த கம்ப்யூட்டர்

காரியாபட்டிப் பக்கம் பத்திரிகை அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எழுத்துப்பிழையை மன்னித்துவிடுவார்கள், தாய்மாமன் பெயருக்கு மேலே சித்தப்பா ஏறிவிட்டால் பந்தியில் இலை பறக்கும். அதனால்தான், வீட்டு முன்னறையில் டிடிபி வேலை பார்த்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பும் அந்த அண்ணாச்சி பழைய ஃபைல் எதையும் அழிப்பதில்லை. 2013-இல் கல்யாணப் பத்திரிகை அடித்த குடும்பம், இப்போது மகளுக்குக் காதுகுத்து என்று வந்து நின்றது.

“அதே வரிசை அண்ணாச்சி. ஒரு பேரும் மேல கீழ போயிரக்கூடாது.”

ஃபைல் இருந்தது. ஆனால் அது பேஜ்மேக்கர் 7-இல் செய்தது. 2001-இல் வந்த அதுதான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. கூடவே இருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி வரமாட்டேன் என்றது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சதவீதக் குறியும் கட்டமுமாக நின்றார்கள்.

மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வழி சொன்னான். “கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் வச்சிருவோம் மாமா.” விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றி, எக்ஸ்பியைக் கிளப்பினான். ‘ஏஎம்டி-வி பயாஸில் முடக்கப்பட்டிருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் முகத்தில் அடித்தது.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் வைக்கும் இந்த வித்தை பழசு. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய இயந்திரங்களுக்கு விஎம்/370 கொண்டுவந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரின் சில்லுக்குத்தான் அது கைவரவில்லை. உள்ளே ஓடும் விண்டோஸ் தன்னை முதலாளியாக நினைத்துப் போடும் உத்தரவுகளை, வெளியே இருப்பவர் மறித்துப் பிடிக்க வேண்டும். பழைய இன்டெல் சில்லுகளில் சில உத்தரவுகள் பிடி கொடுக்காமல் நழுவின. 1999-இல் விஎம்வேர் அவற்றை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005 நவம்பரில் இன்டெல், மறு ஆண்டு ஏஎம்டி, சில்லிலேயே வழி செய்தார்கள். செய்ததோடு சரி, பல கம்ப்யூட்டர்கள் அந்த வசதியைப் பூட்டியபடியே விற்பனைக்கு வந்தன. 2009-இல் விண்டோஸ் 7-உடன் ‘எக்ஸ்பி மோட்’ வந்தபோது ஊரெல்லாம் அந்தப் பூட்டில் போய் முட்டியது. 2010 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், சில்லின் வசதி கட்டாயம் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு பூட்டிக் கொடுப்பது என்ன வியாபாரமோ!

முன்பெல்லாம் சில்லின் உதவி இல்லாமலே விர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்பியை ஓட்டும். 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு அந்தச் சலுகையும் போயிற்று.

ஆக, பூட்டைத் திறக்க பயாஸுக்குள்தான் போக வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் பொத்தானைத் தட்ட வேண்டும்; தட்டுவதற்குள் விண்டோஸ் முந்திக்கொள்ளும். ஒருவழியாக உள்ளே போனால், ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற சொல்லே கண்ணில் படவில்லை. ஏஎம்டி பலகைகளில் அதற்குப் பெயர் ‘எஸ்விஎம் மோட்’. யாருக்குத் தோன்றும்?

அதை முடுக்கியதும் எக்ஸ்பி ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. மவுஸை நகர்த்திவிட்டு டீ குடித்து வரலாம். சன்னலின் கீழ் ஓரத்தில் பச்சையாக ஒரு ஆமை.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாக. நீ கம்ப்யூட்டருக்குள்ளயே விட்டுட்டியே மாப்ள!”

அந்த ஆமை விர்ச்சுவல்பாக்ஸே காட்டும் அடையாளம்தான். சில்லின் வசதியை இதே வித்தைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் சொந்த ஏற்பாடான ஹைப்பர்-வி முதலிலேயே பிடித்துக்கொண்டது; விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் உள்வாடகைக்கு இருக்கிறது என்று பொருள். டாஸ்க் மேனேஜரோ ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று சத்தியம் செய்கிறது. அண்ணாச்சி ஹைப்பர்-வியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்திருந்தது.

மருமகன் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தான். ஹைப்பர்வைசர் துவங்கக்கூடாது என்று பிசிடிஎடிட் கட்டளையும் கொடுத்தான். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டால், ஆமை அதே இடத்தில். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத்தூக்கம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாக எழும். இதை அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாசக்கணக்காயிற்று. கரண்டு வந்து கம்ப்யூட்டர் எழுந்தபோது ஆமையைக் காணவில்லை.

காவலை அணைத்த கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம் என்றான் மருமகன். 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்கு நெட்டும் கொடுக்கவில்லை.

பேஜ்மேக்கர் திறந்தது. தாய்மாமன் தாய்மாமன் இடத்தில் இருந்தார். ஆனால் பிரிண்டரை எக்ஸ்பிக்குத் தெரியவில்லை. அதற்கு எக்ஸ்பி டிரைவரே கிடையாது. பிடிஎஃப் ஆக்கி, பொது ஃபோல்டர் வழியாக வெளியே எடுத்தார்கள்.

“உள்ள இருக்கிற கம்ப்யூட்டர்ல செஞ்சு, வெளிய இருக்கிற கம்ப்யூட்டர்ல வாங்கி, சிவகாசிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணுமாக்கும்?”

“டாக்குமெண்டா அனுப்புங்க மாமா. போட்டோவா அனுப்புனா எழுத்து மங்கிரும்.”