சாட்சி இல்லாத வழக்கு

குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை; ஆகவே டார்வின் கோட்பாடு தவறு, பாடத்திட்டம் மாற வேண்டும் என்று 2018 ஜனவரியில் அவுரங்காபாதில் அறிவித்தார் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங். அவர் புணே நகரின் முன்னாள் காவல் ஆணையர். நேரில் கண்ட சாட்சி கிடைக்காதபோது கைரேகை தேடும் துறை அது. பரிணாம வழக்கில் மட்டும் புதைபடிவமும் டிஎன்ஏவும் தடயமாக ஏற்கப்படவில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதே கோட்பாடு. அமைச்சர் மறுத்தது டார்வின் சொல்லாத ஒன்றை.

நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை விட்டன. புணேயில் பிறந்த மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர், இப்படிப் பேச வேண்டாம் என்றார். பாடம் பிழைத்தது.

எதிர்ப்பால் போகாதது சுமைக்குறைப்பால் போனது. கோவிட் காலச் சுமையைக் காரணம் காட்டி, என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பின் ‘மரபும் பரிணாமமும்’ பாடத்தை ‘மரபு’ ஆக்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது பதில். வணிகவியல் எடுப்பவர்களுக்கு மூதாதை தேவையில்லை போலும்.

புணேயிலிருந்து இயங்கும் பாடநூல் நிறுவனமான பாலபாரதி 2018இல் வெளியிட்ட மகாராஷ்டிர பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் இரண்டாம் பாகமோ அதே பாடத்தோடுதான் தொடங்குகிறது. ஆக, ஒரே குடியிருப்பில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளை பரிணமித்து வந்தது. என்சிஇஆர்டி நூல் படிக்கும் சிபிஎஸ்இ பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் கிடைக்கும்வரை அப்படியே தோன்றியது.