இடக்கைக்கு மட்டும் சலுகை

வயது வந்தபின் மாண்டலினை எடுத்து, அயர்லாந்து, அமெரிக்க ஃபிடில் மெட்டுகளை வாசிக்கப் புறப்படுவோர் கைவசம் ஒரு பலமான வாதம் இருக்கிறது: இரண்டு வாத்தியத்துக்கும் சுருதி அமைப்பு ஒன்றே. ஜி, டி, ஏ, இ. போதாததற்கு மாண்டலினில் ஃப்ரெட் கம்பிகள் வேறு. விரல் சற்றுத் தள்ளி விழுந்தாலும் சுரம் பிசகாது. ஆகவே பாதி வேலை முடிந்தது என்கிறார்கள். முடிந்தது இடக்கையின் வேலைதான். வலக்கையிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. ஃபிடில்காரர் ஒரே வில்லிழுப்பில் இரண்டு மூன்று சுரங்களை வழுக்கிக்கொண்டு போய்விடுவார். மாண்டலினில் அநேகமாக ஒவ்வொரு சுரத்தையும் பிக் என்ற சிறு தகட்டால் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்த சுரம் உடனே படுத்துவிடும். தந்திகளோ எட்டு, ஜோடி ஜோடியாக. சுருதி சேர்க்கும் பாடும் இரட்டிப்பு.

மாண்டலின் மேதை பில் மன்ரோ தன் தாய்மாமன் பென் வாண்டிவரின் ஃபிடிலைக் கேட்டுத்தானே இந்த மெட்டுகளைப் பிடித்தார் என்பார்கள். உண்மைதான். கென்டக்கியில் மாமன் நடனங்களுக்கு வாசிக்க, சிறுவன் பக்கத்தில் கிட்டார் வாசித்தான். மெட்டு முதலில் காதில் ஏறியது. நம் மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு: 1923-இல் செய்யப்பட்ட மன்ரோவின் கிப்சன் எஃப்-5 மாண்டலின் போல ஒன்று வாங்க வேண்டும். பெரும்பாலான மெட்டுகள் 32 பார் நீளம்தானே, இதிலென்ன மலைப்பு என்பாரும் உண்டு. நடனத்தில் அந்த 32-ஐயும் ஆடுபவர் கால் ஓயும்வரை வேகம் குறையாமல் சுற்றிச்சுற்றி வாசிக்க வேண்டும். வீட்டிலோ மெட்டின் முதல் பகுதி பிரமாதமாக வருகிறது. இரண்டாம் பகுதிக்கென்று இன்னும் விலை கூடிய மாண்டலின் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார்கள்.