இரும்புலியூர் 'அஞ்சு நிமிஷம்': ரஸ்ட் மொழி வழி ஒரு கால அளவை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேலை முடிந்து வரும் கணவர் போனில் "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்கிறார். வந்து சேரும்போது சோறு ஆறியிருக்கிறது, ரசம் ஆறியிருக்கிறது, வீட்டம்மா மட்டும் ஆறவில்லை. உலகம் இதைப் பொய் என்று ஒதுக்கிவிட்டது. இருவரும் வெவ்வேறு கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவதே சிக்கலின் வேர் என்று இக்கட்டுரை நிறுவும்.

1. ஆய்வுக்களம்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே இருக்கிறது இரும்புலியூர். அந்த இரண்டு ஊருக்கும் ரயில் நிலையம் உண்டு; இதற்குக் கிடையாது. மதுரவாயல் பைபாஸ் ஜிஎஸ்டி சாலையோடு சேருவது இங்கேதான். ஆம்னி பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நுழையப் பார்ப்பதால், தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு இவ்வூரில் முறிந்துபோகிறது. கால அளவை ஆய்வுக்குத் தோதான மண்.

2. சுவர்க்கடிகாரக் கொள்கையும் மறுப்பும்

வந்த மணியிலிருந்து சொன்ன மணியைக் கழித்தால் தீர்ந்தது என்பார் பாமரர். மணியை நம்ப முடியாது என்பதற்கு வரலாறே சாட்சி. 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொதுநேரம் வந்தபோது, மதராஸ் நேரத்தைக் காட்டிய கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தாவ வேண்டியிருந்தது. தாவிய கணத்தில் அஞ்சு நிமிஷம் கேட்டவர், கழித்தல் கணக்கில் பதினாலு நிமிடம் எடுத்தவர் ஆகிறார்.

இரண்டாம் உலகப்போரின்போது ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்த இந்திய நேரத்தை 1945 அக்டோபரில் திரும்பப் பின்னே வைத்தார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதலே மின்சார ரயில் ஓடுகிறது. நேரத்தைப் பின்னே வைத்த வேளையில் எவராவது அதில் பயணம் செய்திருந்தால், ஏறுவதற்கு முன்பே இறங்கியிருப்பார்.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். உலக நேரத்தில் 2016இன் கடைசியில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். நமக்கு அது 2017 ஜனவரி 1 விடிகாலை ஐந்தரைக்கு முன்னால் வந்தது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் நிரல் ஒன்று இரண்டு நேரங்களைக் கழித்து, மைனஸில் விடை வந்து விழுந்துபோனது.

3. கருவி

எனவே இவ்வாய்வு ரஸ்ட் என்ற நிரல்மொழியைக் கையாள்கிறது. அதில் நேரத்துக்கு இரண்டு வகை உண்டு. 'சிஸ்டம்டைம்' என்பது சுவர்க்கடிகாரம். அதனிடம் 'எலாப்ஸ்ட்', அதாவது எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டால், விடையும் வரலாம், பிழையும் வரலாம். கடிகாரம் பின்னே போயிருந்தால் எவ்வளவு பின்னே என்பதை அந்தப் பிழையே சொல்லிவிடும்.

'இன்ஸ்டன்ட்' வேறு ஜாதி. அதைத் தனியாகப் பார்த்து மணி சொல்ல முடியாது. இரண்டு இன்ஸ்டன்ட்டுக்கு இடைவெளி மட்டும் சொல்லலாம். அது பின்னே போகக் கூடாது என்பது விதி. வன்பொருள் கோளாறால் போவதுபோல் தெரிந்தால், முன்பெல்லாம் நிரலையே நிறுத்திவிடும். 2022இல் வந்த 1.60 பதிப்பு முதல் பூஜ்ஜியம் என்று சொல்லிச் சண்டையைத் தவிர்த்துவிடுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த பண்பு.

4. களக்குறிப்பு

"எங்கங்க இருக்கீங்க?"

"சானடோரியம் தாண்டிட்டேன்மா. அஞ்சே நிமிஷம்."

பின்னணியில் நடத்துநர் குரல்: "பல்லாவரம்லாம் எறங்கு, பல்லாவரம்!"

பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று வர வேண்டிய வழியில், சானடோரியத்துக்குப் பிறகு பல்லாவரம் வந்திருக்கிறது. சிஸ்டம்டைம் தரும் பிழைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. குரோம்பேட்டை அளவு பின்னடைவு என்பதும் அந்தப் பிழையிலேயே அடங்கியிருக்கிறது.

5. விவாதம்

ஆனால் கணவர் குறிப்பது கழிந்த நேரத்தையே அல்ல. சி மொழியில் 'கிளாக்' என்றொரு சார்பு உண்டு. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் அது, நிரலுக்காகப் பிராசஸர் உழைத்த நேரத்தை மட்டும் எண்ணும். சும்மா காத்துக் கிடந்த நேரம் அதில் சேராது. சிக்னலில் நின்றது, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது, பாலத்தடியில் ஹாரன் அடித்தது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், மிச்சம் உண்மையிலேயே அஞ்சு நிமிஷத்தை நெருங்கும்.

லினக்ஸில் இன்ஸ்டன்ட்டுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது: கணினியைத் தூங்க வைத்த நேரத்தை அது எண்ணாது. ஜன்னலோரம் கண்ணயர்ந்தவர் "இப்பதானே ஏறினேன்" என்பதன் அறிவியல் அடிப்படை இதுவே. வாசலில் நிற்பவரோ தூங்கவில்லை. அவர் பார்ப்பது தூக்கத்தையும் சேர்த்து எண்ணும் 'பூட்டைம்' கடிகாரம்.

6. முடிவு

ரஸ்ட்டில் நிரலின் ஓர் இழையை முந்நூறு விநாடி தூங்கச் சொல்லும் 'ஸ்லீப்' என்ற சார்புக்கு ஓர் உத்தரவாதம் உண்டு: சொன்ன நேரத்துக்குக் குறையாது. கூடினால் எவ்வளவு கூடும் என்பது இயங்குதளத்தின் இஷ்டம். இந்த இலக்கணப்படி, 'அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்' என்றவர் எவரும் இரும்புலியூரில் வாக்குத் தவறியதில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் ஒருவரும் வந்து சேர்ந்ததில்லை. ஆம்னி பஸ்காரர்களின் 'இதோ எடுத்துடுவோம் சார்' எந்தக் கடிகாரத்தைச் சேர்ந்தது என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். உதவித்தொகை கிடைத்தால் செய்யலாம்.