ஓசூர்ப் புதுவீட்டு கீசர்: ஓர் எல்லைப்புற ஆய்வு

புதுமனையில் முதலில் பொங்குவது பால். அடுத்துக் கொதிப்பவர் வீட்டுக்காரர். வெந்நீரின் முறை அதற்கும் பிறகுதான். மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் இவ்வரிசை பிறழக் காணோம் ஆதலின், முறைப்படி ஆராயப் புகுந்தோம்.

ஆய்வுப் பொருள், மாநில எல்லைக்கு நடைதூரத்தில் ஓர் அடுக்ககக் குளியலறையில் தொங்கும் 15 லிட்டர் கீசர். 2000 வாட் காயில், 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற 21 நிமிடம் போதும் என்பது இயற்பியல். நம் கீசருக்கு இயற்பியலில் நம்பிக்கை இல்லை. சிவப்பு விளக்கு எரியும், உள்ளே 'உஸ்' என்று இரையும், சற்றுநேரத்தில் விளக்கு அணையும். குழாயைத் திறந்தால் வருவது மார்கழி. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்து ஊரில், விடியுமுன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு இது தத்துவப் பிரச்சினை அன்று.

காரணம் குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எலக்ட்ரீஷியன் 'லோ வோல்டேஜ்' என்பார். எதிர்வீட்டு அம்மாள் வாஸ்து என்பார். அதை விரிக்கின் பெருகும். பிளம்பர் ஒருவரே சான்றுடன் வந்தார்: பக்கத்து வீட்டில் கழற்றிய காயில். சுண்ணாம்பில் தோய்த்த கரும்புத் துண்டு போலிருந்தது. தரையில் தட்டினார், வெள்ளைச் சில்லுகள் உதிர்ந்தன. "போர் தண்ணி சார். வீடுதான் புதுசு, தண்ணி பழசு." போர் நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்பனேட்டாகிக் காயிலில் படிகிறது. சூடு நீருக்குப் போகாமல் காயிலிலேயே தேங்க, கட்-அவுட் விழுந்துவிடுகிறது. 2013 முதல் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதே எனலாம். அது சமையலறையோடு சரி.

நோய் தெரிந்தது, வைத்தியம் பின்கோடில் சிக்கியது. 1972-இல் அறிமுகமான பின்கோடு, கர்நாடகத்தை 5-இலும் தமிழ்நாட்டை 6-இலும் தொடங்கிவைத்தது. கீசர் வாங்கியது தள்ளுபடிக்காகப் பெங்களூரில், மாட்டியது 635-இல். "சார், உங்க ஏரியா சேலம் பிராஞ்ச்" என்றது பெங்களூரு. "பில் கர்நாடகாவா? அங்கேயே கேளுங்க சார்" என்றது சேலம். 2017-இல் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச்சாவடிகளே போய்விட்டன. கீசருக்கான சாவடி மட்டும் திறந்தே இருக்கிறது. பிளம்பரே கழற்றலாம் என்றால் வாரண்டி போய்விடும். லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்து நாட்டுக்கே அனுப்பும் ஊரில், ஒரு காயிலை மாற்ற ஆள் அயலூரிலிருந்து வரவேண்டும் என்பது விதி.

ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். எலக்ட்ரீஷியனிடம் கன்னடத்திலும், வாட்ச்மேனிடம் தெலுங்கிலும், நம்மிடம் தமிழிலும் துக்கம் விசாரித்தார். வந்த நேரம்தான் நண்பகல். மொட்டைமாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டார், குழாயைத் திறந்தார், விரலை நீட்டினார்.

"நல்லா சுடுதே சார்!"

தொட்டிக் கோட்பாட்டை நாம் விளக்கத் தொடங்குமுன் புகார் தீர்ந்ததாகப் பதிவாகி, கைபேசியில் ஓடிபி வந்து விழுந்தது. அதைச் சொன்னால்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும் என்று வாசலில் நின்றார், அங்கேயும் கீசராம்.