ஒன்பதாம் இடத்துச் சிக்கல்: விழுப்புரம், திண்டிவனம் டீக்கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்கும் அணியின் நிர்வாகத்தைத் திட்டுவது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இதுவரை வெளிவரவில்லை என்பது இந்த ஆய்வாளரின் துணிபு. வெளிவந்திருந்தாலும் அவர் படிக்கவில்லை; அதனால் துணிபுக்குச் சேதமில்லை.

ஆய்வுப் பொருள் சென்னை சூப்பர் கிங்ஸ். ஆய்வுக் காலம் 2025 ஐபிஎல். களம், விழுப்புரம் ரயில் நிலைய வாசலிலும் திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் பிடிக்கும் பக்கத்திலும் உள்ள டீக்கடைகள். இந்த இரண்டு ஊர்களை ஏன் எடுக்க வேண்டும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல்லுக்கு ஓர் அணி உண்டு, நெல்லைக்கு உண்டு, திருப்பூருக்கு உண்டு. விழுப்புரத்துக்கு இல்லை. சொந்தமாகத் திட்டிக்கொள்ள ஓர் அணி இல்லாத மாவட்டம் தன் முழு ஆற்றலையும் சேப்பாக்கத்தின்மீது செலுத்துகிறது. போதாக்குறைக்கு, மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் சென்னை மாநகரப் பேருந்தில் இலவசப் பயணம் என்ற சலுகை அந்த ஆண்டும் இருந்தது; விழுப்புரம் கோட்டத்துப் பேருந்துக்கு அது நீளவில்லை. ஆகவே காசு கொடுத்து பஸ் ஏறி, தோல்வியைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஊர் திரும்பியவரின் புலம்பலை முதல்நிலைத் தரவாகவும், டிவியில் பார்த்தவரின் புலம்பலைத் துணைத் தரவாகவும் கொள்வது முறை.

அடிப்படைச் செய்திகளில் கருத்து வேறுபாடு இல்லை. ஐந்து முறை கோப்பை வென்ற அணி அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் 4 வென்று 10 தோற்றுப் பத்தாம் இடத்தில், அதாவது கடைசியில், முடித்தது. அதற்கு முன் அது கடைசிக்குப் போனதேயில்லை. சேப்பாக்கத்தில் மும்பையை வென்றதோடு சரி; பிறகு அங்கே ஆடிய ஐந்தும் தோல்வி. பெங்களூரு அணி 2008க்குப் பிறகு முதல்முறையாக அங்கே வென்றது. டெல்லி 2010க்குப் பிறகு வென்றது. ஹைதராபாத்துக்கு அதுதான் அங்கே முதல் வெற்றி. ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன், எதிரணி 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. சொன்ன முட்டை பரோட்டா வருவதற்குள் மேட்ச் முடிந்தது என்பது விழுப்புரம் தகவலாளி ஒருவரின் வாக்குமூலம். (நேர்காணல், கடை வாசல், இலையில் சால்னா ஊற்றும் முன்.)

இனி வகைப்பாடு.

நடுவர் புலம்பல்: நிர்வாகத்தைச் சாராததால் இந்த ஆய்வெல்லைக்குள் வராது.

முன்புலம்பல்: இது தொழில்நுட்பத்தின் கொடை. பக்கத்துக் கடை டிவியில் "போச்சுடா" என்று சத்தம் கேட்ட பிறகுதான், இந்தக் கடையில் போனில் பார்ப்பவருக்கு பவுலர் ஓடி வரவே தொடங்குகிறார். விக்கெட் விழுவதற்கு முன்பே புலம்பி முடித்து, பிறகு விக்கெட்டைச் சரிபார்க்கிறார். முடிவை முதலில் எழுதிவிட்டுத் தரவை அப்புறம் தேடும் இந்த முறை பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே நிலைபெற்றது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஆடுகளப் புலம்பல்: பெங்களூருவிடம் தோற்ற அன்று பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சொந்த மைதானத்தின் அனுகூலம் எதுவும் இல்லை, பிட்சைக் கணிக்கவே முடியவில்லை என்ற பொருளில் பேசினார். 2008இல் இங்கே ஆட்டக்காரராக வந்து, 2009 முதல் இதே அணிக்குப் பயிற்சியாளராக இருப்பவர் அவர். "இத்தினி வருசமா இன்னாத்தண்ணே பாத்துகினு இருந்தாரு?" என்பது திண்டிவனம் பாடம். விழுப்புரம் பாடத்தில் இதே வாக்கியம் இரண்டு கெட்ட வார்த்தைகள் கூடுதலாகக் கிடைக்கிறது. அவை இடைச்செருகலாக இருக்கலாம்.

ஏலப் புலம்பல்: 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்திலிருந்து இது தொடங்குகிறது. அஸ்வின் 9.75 கோடி, ராகுல் திரிபாதி 3.40 கோடி, தீபக் ஹூடா 1.70 கோடி. அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட் எடுத்தார். விக்கெட் ஒன்றுக்கு எவ்வளவு என்று டீ மாஸ்டர் டம்ளரை ஆற்றிக்கொண்டே மனக்கணக்காகச் சொன்னார். ஆய்வாளர் பிறகு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். மாஸ்டர் சொன்னது சரி. இந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது என்று ஆய்வு நெறிக்கு முரணாக இங்கே சொல்லியாக வேண்டும். சீசன் பாதியில் ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் என்று இளைஞர்களை அவசரமாகக் கூட்டி வந்து ஆட வைத்தார்களே, அதுவே ஏலத்தில் என்ன தவறியது என்பதற்கு நிர்வாகம் எழுதித் தந்த ஒப்புதல்.

இப்போது தலையாய சிக்கல். 2025 மார்ச் 28. பெங்களூரு 196. சென்னைக்கு விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்கின்றன. எட்டாவதாக அஸ்வின் இறங்குகிறார். தோனி ஒன்பதாவது ஆளாக வருகிறார். 16 பந்தில் ஆட்டமிழக்காமல் 30. கடைசி ஓவரில் க்ருணால் பாண்டியா பந்தில் இரண்டு சிக்ஸர். ரெய்னாவை முந்தி, ஐபிஎல்லில் இந்த அணிக்காக அதிக ரன் எடுத்தவர் ஆகிறார். மைதானம் கொண்டாடுகிறது. அணி 50 ரன்னில் தோற்கிறது.

ஏன் ஒன்பது? இதில் இரண்டு மரபுகள் உண்டு.

திண்டிவனம் மரபினர் இதை நிர்வாகத்தின் சதி என்பர். "அவர முன்னாடி வுட்டா ஜெயிச்சிருப்பாரு, வுட மாட்டன்றானுங்க." (தகவலாளி, வயது கூற மறுத்தார்; வாழைக்காய் பஜ்ஜி கைவசம்; பேட்டி பாதியில் நின்றது, காரணம் திருவண்ணாமலை பஸ் கிளம்பிவிட்டது.)

விழுப்புரம் மரபினர் சற்று நாடகப் பாங்கானவர்கள். சிவாஜி கணேசன் பிறந்த ஊர். குறை சொல்ல முடியாது. அவர்கள் கொள்கைப்படி எப்போது இறங்குவது என்பது தோனியின் சொந்த முடிவு, தியாகம். முழங்கால் வலியை வெளியே சொல்லாமல் சிறுவர்களுக்கு வாய்ப்புத் தருகிறார். (மேற்படி, இரண்டாம் பெஞ்ச், சுவர் ஓரம், சொன்னவர் கண் கலங்கியது அடுப்புப் புகையாலா என்பதை உறுதி செய்ய இயலவில்லை, உடனிருந்த மைத்துனர் மறுத்தார், மைத்துனரின் மறுப்பு அவருடைய பெங்களூரு வேலையைக் கருதித் தள்ளுபடி செய்யப்பட்டது.)

இரண்டு நாள் கழித்து, குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோற்ற பிறகு, ஃபிளெமிங்கே விளக்கம் தந்தார்: தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது. விழுப்புரம் மரபு அன்றிரவே வெற்றி அறிவித்தது. திண்டிவனம் மரபு அசரவில்லை. "பத்து ஓவர் யாரு கேட்டா? அஸ்வினுக்கு முன்னாடி வர முட்டி வலிக்குதா?" இந்த வாதத்துக்கு இன்றுவரை மறுப்பு வரவில்லை. (வாய்மொழி, மழை வந்து எல்லோரும் கடைக்குள் ஒதுங்கிய தறுவாயில், சொன்னவர் பெயரை மூவர் மூன்று விதமாகச் சொல்கின்றனர், நான்காமவர் அப்படி ஓர் ஆளே இல்லை, சொன்னது தானே என்கிறார், அவருடைய டீ பாக்கியைக் கருதிக் கடைக்காரர் இதை வழிமொழியவில்லை.)

இரு மரபும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு, அதுவே இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை காயத்தால் விலக, கொல்கத்தாவிடம் 103 அடித்துச் சரிந்த ஆட்டத்தில் கேப்டன் தோனி. அன்று இரு ஊர்களிலும் பதிவான ஏச்சு ஃபிளெமிங், தலைமை நிர்வாகி காசி விஸ்வநாதன், முதலாளி என்.சீனிவாசன், இன்னும் பெயர் தெரியாத சிலரைச் சென்றடைந்தது. தோனியைத் தொடவில்லை. மூன்றே நாளில், ஏப்ரல் 14 அன்று லக்னோவில் அதே கேப்டன் 11 பந்தில் 26 அடித்து ஆட்டநாயகன் ஆனார். அன்றிரவு "தல பிளான்" என்ற ஒரே பாடம்தான் கிடைக்கிறது. நிர்வாகம் என்ற ஒன்று அன்று இயங்கியதற்கான தடயம் ஓர் ஊரிலும் இல்லை. அணியை முதலில் வாங்கிய இந்தியா சிமென்ட்ஸில் துணைத் தலைவர் பதவியே வகித்த மனிதர், தோற்ற நாளில் மட்டும் எப்படி நிர்வாகத்துக்கு வெளியே போய்விடுகிறார் என்று ஆய்வாளர் திண்டிவனத்தில் கேட்டுப் பார்த்தார். கேள்வி எந்த ஊர்க்காரருடையது என்று திருப்பிக் கேட்டார்கள். கள ஆய்வு அங்கே முடிந்தது.

இந்தக் கட்டுரை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்க மலரில் வர வேண்டியது. ஐ.எஸ்.பி.என். எண் உண்டு, கட்டணம் உண்டு, சான்றிதழ் உண்டு, மதிய உணவுக்குத் தனி டோக்கன். அத்தகைய மலர்களில் எழுதியவர் தன் கட்டுரையை மட்டும் புரட்டுவார். நெறியாளர் தன் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் புரட்டுவார். டீக்கடையில் குறைந்தபட்சம் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கிறார், மறுப்பதற்காகவாவது.

மே 25 அன்று கடைசி ஆட்டத்தில் சென்னை 230 அடித்து குஜராத்தை 83 ரன்னில் வென்றது. "டீம் செட் ஆயிடுச்சுண்ணே" என்று இரு மரபும் அறிவித்தன. அட்டவணையில் இடம் மாறவில்லை. டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில் சர்வதேச ஆட்டம் ஆடாத கார்த்திக் சர்மா, பிரசாந்த் வீர் இருவருக்கும் தலா 14.20 கோடி கொட்டினார்கள். வருஷக்கணக்காக "கிழவனுங்களயே எடுக்கறானுங்க" என்று திட்டிய அதே பெஞ்சில், "சின்னப் பசங்களுக்கு இவ்ளோவா? இவனுங்களுக்கு யாரு கத்துக் குடுப்பா?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்திலிருந்தவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "கீப்பிங்ல ஆளு நிக்குதே, கண்ணு தெரியல?"